எந்தக் கோணத்திலும் தெரியும்

ஒரு குறையும் இல்லாத கண்களோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போய், டோக்கன் எடுத்து, பெஞ்சில் காத்திருந்து, சொட்டு மருந்தும் விட்டுக்கொண்டு, 'என் செல்போன் எனக்குக் கறுத்துப்போகிறது' என்று முறையிட்டுவிட்டு வந்தவன் நான். வேறு யாராவது சொல்லியிருந்தால் பரவாயில்லை. கையடக்க விளையாட்டுக் கருவிகளின் திரையைக் கழற்றி மாட்டியே வீடு கட்டி, பெண்ணையும் கட்டிக்கொடுத்தவன் போய்ச் சொன்னதுதான் கேவலம். மீன் விற்கிற ஒருவர் டாக்டரிடம் போய், 'கொஞ்ச நாளாகக் கையில் ஒரு வாடை வருகிறது, என்ன வியாதி?' என்று கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தைகள் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே நிறைய இருக்கின்றன. நான் என் மடத்தனத்தை எழுதுகிறேன். அதை எந்தப் பாடத்திட்டத்திலும் சேர்த்திருக்கமாட்டார்கள்.

ஆஸ்பத்திரி அவமானம் ஒரு நாளோடு தீர்ந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பே, அதே காரியத்தில், ஒரு பையனிடம் 'கோளாறு உன் கண்ணில்' என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தேன். கண் நன்றாக இருந்தால்தான் அவனுக்கு வேலை. அதனால்தான் இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

என் கடை நாகர்கோவில் வடசேரியில், பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. டி.வி. ரிப்பேரில் தொடங்கினேன். டி.வி. தட்டையானதும் பிழைப்பும் தட்டையாகிவிட்டது. வளைகுடாவில் இருக்கிறவர்கள் லீவில் வரும்போது பிள்ளைகளுக்குக் கொண்டுவரும் விளையாட்டுக் கருவிகள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒன்று கிடக்கும் என்பதைக் கண்டுகொண்டு, அதற்கு மாறினேன்.

திரைகளில் நான் சில தலைமுறைகளைப் பார்த்தாயிற்று. முதலில் வந்தவற்றில் விளக்கே கிடையாது. மேலே விழுகிற வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துத்தான் படம் காட்டும். பிள்ளைகள் வெயிலைத் தேடி மொட்டைமாடிக்குப் போய், கூழ்வற்றல் காய்கிற இடத்தில் தாங்களும் காய்ந்துகொண்டே விளையாடுவார்கள். அடுத்து வந்தவற்றில் பின்னால் விளக்கு இருந்தது. ஆனால் நேராகப் பிடித்தால்தான் நிறம் நிற்கும். கொஞ்சம் சாய்த்தால் கதாநாயகனுக்குச் சோகை பிடித்துவிடும். வேகமாக ஓடினால் பின்னால் ஒரு வால் இழுபடும். பிறகு வந்தது ஐ.பி.எஸ். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே நிறம். அதற்கும் பிறகு ஓ.எல்.இ.டி. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கறுப்பு வேண்டுமென்றால் அணைந்துபோகும். அமாவாசைக் கறுப்பு.

இதையெல்லாம் நான் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன். சார்ஜர் முனை ஆடுகிறது என்று வந்தவரிடமும் சொல்வேன். மத்தியானச் சோறு கொண்டுவருகிற என் மனைவி, தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி பிரசங்கம் முடிவதற்காகப் படியில் காத்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்கூட இவ்வளவு நேரம் நின்று கேட்கவேண்டியதில்லை என்று ஒரு வாடிக்கையாளர் அவளிடம் வருத்தப்பட்டாராம்.

பிரசங்கம் செய்கிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஓ.எல்.இ.டி. வந்த புதிதில் கடியப்பட்டணத்திலிருந்து ஒருவர் கருவி கொண்டுவந்தார். கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும்போது அவர் விளையாடுவதும் தூண்டில் போடுகிற விளையாட்டுத்தான். திரையின் மூலையில் ஒரு வாளி படம் எப்போதும் நிற்கும், பிடித்த மீன் அதில் விழும். இப்போது வேறு எந்த விளையாட்டைப் போட்டாலும் அந்த வாளி மங்கலாகத் தெரிகிறது என்றார். நான் அழுக்கு என்று நினைத்தேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், மெல்லிய துணி போட்டுத் துடைத்தேன், வாயால் ஊதித் துடைத்தேன். ஒரே படம் ஒரே இடத்தில் நெடுநாள் நின்றால் அந்தத் திரை அதை மனப்பாடம் செய்துகொள்ளும், பிறகு மறக்காது என்பது அன்று எனக்குத் தெரியாது. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, வாளியில கெடக்க மீன எடுக்கப் பாக்கியளா?"

அன்றைக்கே நான் திருந்தியிருக்கலாம். பிரசங்கத்தில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

இனி ஜெபின். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிற பையன். கோபுரத்துக்குள் ஏணி வழியாக ஏறி, உச்சியில் மூடியைத் திறந்து தலையை நீட்டினால் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நாஞ்சில் வயல், கடைசியில் கடல் ஒரு கோடாகக் கிடக்கும் என்பான். அந்த உச்சியைப் பற்றிப் பேசும்போது, தன் சொந்தப் பறம்பு நிலத்தைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடும். ஆனால் காற்று மிஞ்சினால் ஏறக்கூடாது என்பது அவர்கள் விதி. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு மிஞ்சுவதுதான் வேலை. அப்போது ஜீப்பின் ஓரமாக உட்கார்ந்து காற்று தணியக் காத்திருக்கவேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் அவனுக்கு அந்தக் கருவி.

அவன் முதலில் வந்தது ஒரு பட்டனுக்காக. இடது பக்கத்து மேல் பட்டன் அமுங்கவில்லை. நான் பட்டனை ஒரு நிமிஷம் பார்த்தேன், திரையை ரொம்ப நேரம் பார்த்தேன். பழைய சாதித் திரை. நேராகப் பார்த்தால் தெரியும், சாய்த்தால் சோகை. இதற்கு ஐ.பி.எஸ். போட்டால் எப்படி இருக்கும் தெரியுமா என்று தொடங்கிவிட்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தூக்குவாளியோடு நின்ற என் மனைவி, தப்பிக்க வழியில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"பட்டன் மட்டும் போரும் அண்ணாச்சி. இதுல நேரா பாத்தா நல்லா தெரியுது."

"நேரா பாத்தா எல்லாந்தான் தெரியும் மக்கா. சாய்ச்சுப் பாத்தாலும் தெரியணும். அதுல்லா டிஸ்ப்ளே."

அவன் சம்மதித்தான். பட்டனை அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்தக் கருவியின் அளவுக்கென்று புதிய திரை தனியாகக் கிடைக்காது. செல்போனுக்காகச் செய்த திரையை வாங்கி, படுக்கப் போட்டு மாட்டுவோம். போனில் நின்றுகொண்டிருந்த திரை இதில் படுத்துக்கொண்டிருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன், அதையும் மனதில் வைக்கவில்லை. ஜெபின் கடைக்குள் வரும்போது தலைக்குமேல் ஒரு கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பான். கத்தாரில் இருக்கிற அவன் அத்தான் கொண்டுவந்து கொடுத்தது. ஆரல்வாய்மொழி வெயிலுக்கும் மணல் காற்றுக்கும் அது இல்லாமல் கண் திறக்க முடியாதாம். அதைக் கழற்றி என் மேஜைமேல் வைப்பான். நான் எடுத்து மாட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். பஸ் கண்ணாடியில் அடிக்கிற வெயில்கூடக் கூசவில்லை. "கொள்ளாம், நல்ல சாதனம்" என்று சொல்லித் திரும்ப வைத்தேன். வைத்த இடத்தில், திரைகளின்மேல் ஒட்டுகிற போலரைசர் ஷீட் கட்டு கிடந்தது. அதன்மேலேதான் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து வந்தான். சைட்டில் வைத்துப் பார்த்தால் திரை கறுத்துப்போகிறது, வீட்டில் சரியாக இருக்கிறது என்றான். நான் சூடு என்றேன். கருவியைக் கடைக்கு மேலே தகரக் கூரையில் வெயிலில் வைத்தேன். ஒரு தோசை சுடலாம்போலச் சுட்டது. திரை பளிச்சென்று இருந்தது. கம்பி இணைப்பு ஆடுகிறது என்றேன். குலுக்கிப் பார்த்தேன், ஆடவில்லை. அதே சாதியில் வேறு ஒரு திரையை எடுத்து மாட்டிக் கொடுத்தேன். மறுபடியும் வந்தான். மறுபடியும் மாட்டினேன். கடையில் நான் பார்த்தால் தெரிந்தது, அவன் பார்த்தாலும் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? கடைக்குள் வரும்போதுதான் கண்ணாடி தலைக்குமேல் போய்விடுகிறதே.

கடைசித் தடவை வந்தபோது அவன் குறை சொல்லவில்லை. கருவியை மேஜையில் வைத்துவிட்டு நின்றான். 'கூட வேலை செய்கிறவனிடம் காட்டினேன், அவனுக்கு நன்றாகத் தெரிகிறதாம்' என்றான். பிறகு கேட்டான்: "நெசமாவே டிஸ்ப்ளேல ஒண்ணும் இல்லியா அண்ணாச்சி?"

மக்கா, இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எத்தனையோ பேர் என்னிடம், 'இதில் கோளாறு இல்லை என்று சொல்லுங்கள்' என்று கெஞ்சியிருக்கிறார்கள். 'கோளாறு உண்டு என்று சொல்லுங்கள்' என்று கெஞ்சியவன் இவன் ஒருவன்தான். அது என் காதில் விழவில்லை. என் திரையைச் சந்தேகிக்கிறான் என்றுதான் விழுந்தது.

"டிஸ்ப்ளே எந்தக் கோணத்திலும் தெரியும். ஒனக்குத் தெரியல்லேன்னா கண்ணக் கொண்டு காட்டு."

அவன் முகம் வாடியதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

"கண்ணுல கொறைன்னா மேல ஏத்தமாட்டானுவ அண்ணாச்சி" என்றான், கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டே.

"கீழயும் வேல உண்டும்லா" என்றேன் நான். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைப்பு.

இது நடந்து கொஞ்ச நாளில் கடையை மூடினேன். குனிந்து குனிந்து கழுத்து போய்விட்டது. நான் ஓய்வுபெற்றதைக் கொண்டாடும் விதமாக, மஸ்கட்டில் இருக்கிற என் தங்கை மகன் லீவில் வந்தபோது ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தான். நம் ஊரில் வளைகுடாப் பெட்டியைத் திறந்தால் சோப்பு, செண்ட், கம்பளி, டார்ச் லைட், இப்போது கறுப்புக் கண்ணாடி. மறுக்கிற வழக்கம் இல்லை. மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் சுசீந்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வரவில்லை. கிரிக்கெட் பார்க்கலாம் என்று செல்போனை எடுத்து, படம் பெரிதாகத் தெரியட்டும் என்று படுக்க வைத்தேன்.

திரை கறுத்துப்போயிற்று. நிமிர்த்தினேன், வந்தது. படுக்க வைத்தேன், போயிற்று.

திரை வைத்தியன் முதலில் சந்தேகப்படவேண்டியது எதை? திரையைத்தானே? நான் சந்தேகப்பட்டது என் கண்ணை. அறுபதை நெருங்குகிற வயது, சர்க்கரை வேறு எட்டிப் பார்க்கிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் படுக்க வைத்துப் பார்த்தேன், தெரிந்தது. வெளியே போனால் போகிறது, உள்ளே வந்தால் வருகிறது. வெயிலில் மட்டும் குருடாகிற ஒரு நோய் எனக்கு வந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். இதைத்தான் ஜெபின் சொன்னான் என்பது நினைவுக்கு வந்தது; பாவம், அவனுக்கும் இதே நோய் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டேன். புத்தி அவ்வளவு தூரம் வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் படித்துப் பார்ப்பேன், பிறகு மறு கண்ணை மூடுவேன். மனைவி இரண்டு நாள் கவனித்துவிட்டு, "யாருக்குக் கண்ணடிச்சுப் பழகுதியோ?" என்று கேட்டாள். சொல்லவேண்டியதாயிற்று. மறுநாளே நாகர்கோவிலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பாப்பாவை விரித்து, லைட் அடித்துப் பார்த்தார்கள். சோதனை செய்த பெண்பிள்ளை, என் மகளைவிடச் சின்னவள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே வெயிலில் வந்தால் காட்டித் தருகிறேன் என்று வாசலுக்கு அழைத்துப் போனேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டினேன், போனைப் படுக்க வைத்தேன், இதோ கறுப்பு என்றேன்.

"எனக்குத் தெரியுதே அங்கிள்" என்றாள். பிறகு என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். போனைப் பார்த்து, கோழி பார்ப்பதுபோலத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கு விளக்கத் தொடங்கினாள். இது போலரைஸ்டு கண்ணாடி அங்கிள். செல்போன் டிஸ்ப்ளேக்கு மேலே ஒரு ஷீட் ஒட்டியிருப்பார்கள் அங்கிள். வெளிச்சத்தை ஒரு வாக்கில்தான் வெளியே விடும் அங்கிள்.

அந்த ஷீட்டை என் ஆயுளில் எவ்வளவு உரித்திருப்பேன், எவ்வளவு ஒட்டியிருப்பேன்! கடைக்கு வருகிறவர்களை மயக்க, இரண்டு ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒன்றை மட்டும் மெல்லத் திருப்பி, கண்ணாடிபோல இருந்தது கறுப்பாகிற வித்தையைக் காட்டுவேன். அதே ஷீட்டை மூக்கில் மாட்டிக்கொண்டு நின்றபோது அது எனக்குத் தெரியவில்லை.

மனைவிதான் சொன்னாள்: "நல்லா சொல்லிக் குடு மக்ளே. அவியளுக்கு டிஸ்ப்ளேன்னா என்னான்னே தெரியாது."

தொழில் விஷயமாக இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெபினின் பழைய திரையில் அந்த ஷீட் சாய்வாக ஒட்டியிருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் கொஞ்சம் மங்கும், ஆனால் தெரியும். நான் படுக்கப் போட்டு மாட்டிய செல்போன் திரையில் அது கண்ணாடிக்கு நேர் குறுக்கு வாக்கில் நின்றது. ஒரு பொட்டு வெளிச்சம் வராது. ஓ.எல்.இ.டி.க்கு மேலேயும் ஒரு ஷீட் உண்டு, அங்கே போய்த் தப்பலாம் என்று நினைக்கவேண்டாம்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்கு ஜெபினின் தலைக்குமேல் இருந்த கண்ணாடி தெரிந்தது. நான் 'கொள்ளாம்' என்று சொன்னதும் கேட்டது. கடையில் கடைசியாக அவன் சொன்னதும் கேட்டது.

போனை எடுத்து அவன் எண்ணைத் தேடினேன். மருந்து விட்ட கண்ணுக்குப் போன் திரை வெறும் வெளிச்சமாகத் தெரிந்தது. நல்ல கண்ணோடு வந்தவனைக் கண் தெரியாதவனாக்கி அனுப்பியிருந்தார்கள். மனைவிதான் தேடி எடுத்துப் பேசினாள். அந்தப் பக்கம் முழுக்கக் காற்று. அவன் சொன்னதில் அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: மத்தியானம் சூப்பர்வைசர் வருவார், மேலே ஏறும் வேலை வேண்டாம், ஸ்டோரில் போடுங்கள் என்று சொல்லப்போகிறான். கண்ணாடியைக் கழற்று, கண்ணாடியைக் கழற்று என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்களில் சிலர் கழற்றினார்கள். அவன் காதில் விழவில்லை. லைன் போய்விட்டது.

பஸ் பிடித்து ஆரல்வாய்மொழி போய், அங்கிருந்து ஆட்டோவில் காற்றாலைகளுக்கு நடுவே போனோம். இறங்கியதும் வேட்டியைப் பிடிப்பதா, கண்ணாடியைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. என் விரிந்த கண்ணுக்கு எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜீப்பும் அதன் ஓரமாக ஆட்களும் நிழல்போலத் தெரிந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி, ஒரே சட்டை. நடுவில் நின்ற உருவம் ஜெபினின் உயரம் இருந்தது. நேராகப் போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு மேலே கத்தினேன்.

"மக்கா, ஒன் கண்ணுல ஒரு கொறையும் இல்ல. நான் சொன்னதுதான் மடத்தனம். மேல ஏறுகத நிறுத்தாத."

"ஆருக்க கண்ணுல கொறை?" என்றது உருவம். ஜெபினின் குரல் இல்லை. "ஆரு மேல ஏறப்பிடாது?"

சூப்பர்வைசர். இரணியல் பக்கத்துக்காரர் என்று பிற்பாடு தெரிந்தது. அவருக்கு இடது புறம், கருவியைக் கையில் பிடித்தபடி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்ற நிழல்தான் ஜெபின். அவன் இன்னும் வாயைத் திறந்திருக்கவில்லை. அவன் சொல்லப் பயந்துகொண்டிருந்ததை நான் சொல்லி முடித்துவிட்டிருந்தேன். என் மனைவி என் முதுகில் கிள்ளினாள்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும். அந்த இடத்தில் பிரசங்கம் தொடங்கியிருந்தால் அவன் வேலை போயிருக்கும். வெளிச்சம், வாக்கு, ஷீட் என்று நான் விளக்குகிற அந்த நேரத்தில் சூப்பர்வைசரின் தலையில் ஒன்றுதான் நிற்கும்: இந்தப் பையனுக்குக் கண்ணில் ஏதோ இருக்கிறது. பிறகு அவனை அனுப்பி உச்சியில் நிறுத்த அவருக்கு மனம் வராது. பொய் சொல்லிச் சமாளிக்கலாம். அதைவிட ஆபத்து அது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் விளக்கவில்லை.

என் கண்ணாடியைக் கழற்றினேன். மருந்து விட்ட கண்ணில் ஆரல்வாய்மொழி வெயில் சுண்ணாம்புபோல இறங்கிற்று. பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. நான் உணர்ச்சிவசப்பட்டு அழுகிறேன் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். கண்ணாடியைச் சூப்பர்வைசரின் மூக்கில் வைத்தேன். ஜெபினின் கையிலிருந்த கருவியை வாங்கி அவரிடம் கொடுத்தேன். ஜெபினிடம், நீ உன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவர் தோளுக்குப் பின்னால் நின்று பார் என்றேன்.

"கறுத்துல்லா கெடக்கு" என்றார் சூப்பர்வைசர்.

பின்னாலிருந்து ஜெபின் மெல்லச் சொன்னான்: "தெரியுது."

"என்ன தெரியுது?"

"கேம் தெரியுது சார். ஸ்கோர் தெரியுது."

"எனக்கு ஒண்ணும் தெரியல்லியே." அவர் கருவியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார். குரல் இறங்கிவிட்டது. "எனக்க கண்ணு போச்சாவே?"

"கண்ணாடியக் கழத்துங்க சார்" என்றாள் என் மனைவி. "எங்க வீட்ல உள்ளவியளுக்கும் இப்பிடித்தான். ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வந்தாச்சு."

அவர் கழற்றினார், பார்த்தார், மாட்டினார், பார்த்தார். மறுபடியும் கழற்றினார். கண்ணாடி கைமாறிற்று. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வரிசையாக ஒரு தரம் குருடாகி, ஒரு தரம் கண் பெற்றார்கள். ஜெபின் மட்டும் தனியே நின்று, தன் கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தான். திரை மூடிற்று, திறந்தது, மூடிற்று. இதையெல்லாம் நான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது கண்ணீர்தான் தெரிந்தது.

"லேய், இதுக்குத்தானா இத்தன நாளும் மொகத்தத் தூக்கி வச்சிட்டு நடந்த?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"காத்து தணிஞ்சா ஏறட்டுமா சார்?" என்றான் ஜெபின்.

"ஏறாம பின்ன? ஆனா கண்ண ஒருதரம் காட்டிட்டு வந்து ஏறு. இவரு பேச்சக் கேட்டு ஆள மேல விடமுடியாது."

அவர் சொன்னது நியாயம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: நம் தீர்ப்பு நம் மேஜைக்கு மட்டும்தான். மேஜையில் திரை நன்றாக இருக்கிறது என்றால், மேஜையில் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர் அதை எங்கே உட்கார்ந்து, எப்படிப் பிடித்து, மூக்கில் என்ன மாட்டிக்கொண்டு பார்க்கிறார் என்று கேட்டுவிட்டு, முடிந்தால் கூடப் போய் நின்று பார்த்துவிட்டு, பிறகு வாயைத் திறங்கள். எல்லாக் கோணத்திலிருந்தும் பார்த்தேன் என்று நான் சொன்னபோது, எல்லாக் கோணத்திலும் நின்றது நான் ஒருவன்தான்.

ஜெபின் கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதே பெண்பிள்ளைதான் பார்த்தாளாம். உள்ளே நுழைந்ததுமே, "கண்ணாடியக் கழத்திட்டு உக்காருங்க" என்றாளாம். கண் சுத்தம். அடுத்த வாரம் காற்று கொஞ்சம் தணிந்தபோது ஏறினான். உச்சியிலிருந்து எனக்குப் போன் செய்து, கடல் தெரிகிறது என்றான்.

பிறகு ஒரு நாள் சுசீந்திரத்துக்கு வீட்டுக்கே வந்தான். அந்தப் பழைய டிஸ்ப்ளே கிடக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நேராகப் பார்த்தால் தெரிந்தால் போதுமாம், சாய்த்துப் பார்க்கிற பழக்கம் தனக்கு இல்லையாம். கிடந்தது. கடையை மூடினாலும் எதையும் தூரப்போடுகிறவன் இல்லை நான். சாப்பாட்டு மேஜையிலேயே விளக்கைப் போட்டு, என் ஐ.பி.எஸ்.ஸைக் கழற்றி, அந்தச் சோகை பிடித்த திரையைத் திரும்ப மாட்டினேன். இந்தத் தடவை விஷயம் தெரிந்தவனாக, அவன் கண்ணாடியை வாங்கி நானே போட்டு, வாசலில் வெயிலில் நின்று, நேராகப் பார்த்து, திருப்திப்பட்டுக் கையில் கொடுத்தேன். அவனும் கண்ணாடி போட்டு, போடாமல், உள்ளே, வெளியே என்று பார்த்தான். ஒரு ஆட்டம் விளையாடியும் பார்த்தான். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் முகத்தில் எதையோ சொல்ல விரும்பித் தயங்குகிற சாயல் வந்தது. நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு மக்கா என்று சொல்ல நானும் தயாரானேன்.

"எல்லாம் செரிதான் அண்ணாச்சி" என்றான். "அந்த எடது பட்டன்தான் இப்பமும் அமுங்கல்ல."